உச்சவரம்பு என்பது சம்பள வீதத்துக்கு உரியது

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து தயாரிக்கும் நிதி விண்ணப்பங்களில், சம்பளப் பகுதியைச் சரிபார்க்கும்போது, சம்பள உச்சவரம்பு எதற்கு உரியது என்ற ஒரே குழப்பத்தையே அடிக்கடி காண்கிறேன்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் மானியங்களில் சம்பளத்துக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. அது அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் உயர் நிறைவேற்று அதிகாரிகளுக்கான இரண்டாம் நிலைச் சம்பளத்தோடு (Executive Level II) பிணைக்கப்பட்டது. 2024இல் 221,900 டொலராக இருந்து, 2025 ஜனவரியில் 225,700 டொலராக உயர்ந்தது. இது பன்னிரண்டு மாத முழுநேரப் பணிக்கான ஆண்டுச் சம்பள வீதத்துக்கு உரியதேயன்றி, மானியத்திலிருந்து கேட்கும் தொகைக்கு உரியதன்று. ஆண்டுக்கு 300,000 டொலர் பெறும் பேராசிரியர் தம் பணிநேரத்தில் 20 வீதத்தை ஆய்வுக்கு ஒதுக்கினால், “கேட்பது 60,000 தானே, வரம்பைத் தொடவில்லையே” என்ற வாதம் செல்லாது. 2025 வரம்பின்படி, 225,700இன் 20 வீதமான 45,140 டொலரையே கேட்கலாம். மிகுதி 14,860 டொலரை அவருடைய நிறுவனம் விரும்பினால் கூட்டாட்சி அரசு சாராத நிதியிலிருந்து கொடுக்கலாம்.

ஒன்பது மாத நியமனம் இன்னும் ஏமாற்றும். அதில் 190,000 டொலர் பெறுபவர் வரம்புக்கு உட்பட்டவர்போலத் தோன்றினாலும், 2025 கணக்கில் ஒன்பது மாதங்களுக்குரிய வரம்பு 169,275 மட்டுமே என்பதால் அவர் அதைக் கடந்தவரே. பணிநலன் செலவுகளையும் (ஓய்வூதியம், காப்புறுதி போன்றவை) வரம்புக்குக் குறைத்த சம்பளத்தின் மீதே கணக்கிட வேண்டும்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ எந்த விரிவுரையாளரின் சம்பளமும் இவ்வரம்பை நெருங்காது. ஆனால் வரம்புவரை கேட்கலாம் என்று சிலர் எண்ணுவது, என் பார்வையில், மற்றெல்லாத் தவறுகளையும்விட ஆபத்தானது. நிறுவனம் உண்மையில் வழங்கும் சம்பளமே கணக்கின் அடிப்படை. ஊழியர் சேமலாப நிதிக்கு உட்பட்ட ஆய்வு உதவியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால், தொழில்தருநர் செலுத்தும் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதத்தையும் சேர்த்து 92,000 ரூபாய் எழுத வேண்டும். ஊழியரின் 8 வீதம் அவருடைய சம்பளத்திலிருந்தே கழிக்கப்படுவதால், அதையும் கூட்டி 98,400 என்று எழுதுவது பிழை.

ரூபாயை டொலராக்கிய நாளையும் மாற்று வீதத்தையும் விளக்கக் குறிப்பில் பதிவது அவசியம். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபின், இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களிலேயே முந்நூறைக் கடந்தது. நாள் குறிக்காத பாதீட்டில், கேட்ட டொலர் தொகை எந்தச் சம்பளத்திலிருந்து வந்ததென்று அதன்பின் காட்டுவது கடினம்.