மோட்டாருக்குக் காலின் மொழி தெரியும்

மின்சார மலைச் சைக்கிளில் முதல்முறை ஏறி உட்காருகிற பலரும் ஆக்சிலரேட்டரைத் தேடுவார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது. மிதித்தால் மோட்டார் வேலை செய்யும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

மோட்டார் இல்லாத சைக்கிளை முதலில் பார்த்துவிடுவோம். ஓட்டுபவர் 75 கிலோ, வண்டி 14 கிலோ, மொத்தம் 89. பாதை 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்கிறது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறினால், எடையைத் தூக்கிக்கொண்டு போகவே சுமார் 190 வாட் தேவை. கல்லும் மண்ணும் டயரைப் பிடித்து இழுப்பதற்கு இன்னொரு 50 வாட் வைத்துக்கொள்ளலாம். ஆக 240. ஓரளவு பயிற்சி உள்ளவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து தர முடிவது 150 முதல் 200 வாட்தான். 150 வாட்டோடு நிறுத்திக்கொண்டால் வேகம் 5 கி.மீ.க்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் சைக்கிளைச் சாயாமல் பிடிப்பதே ஒரு வித்தை. செங்குத்தான ஏற்றத்தில் பலர் காலை ஊன்றுவது மூச்சு போனதால் மட்டுமல்ல, சமநிலை போனதாலும்தான்.

மின்சார வண்டி வந்ததும் கணக்கு மாறுகிறது. வண்டி 23 கிலோ என்றால் மொத்தம் 98. அதே ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்துக்கு 500 வாட் வேண்டும். கால் 150 தருகிறது, மிச்சம் 350 மோட்டாருடையது. ஐரோப்பிய விதிப்படி மோட்டாரின் சக்தி 250 வாட்தானே என்று கேட்கலாம். அது தொடர்ந்து தரக்கூடிய அளவு. கொஞ்ச நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குவரை தருகிற மோட்டார்கள் உண்டு.

சரி, எப்போது எவ்வளவு தர வேண்டும் என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சில் முறுக்குவிசையை அளக்கும் சென்சார் இருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அந்த இரும்பு அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முறுக்கிக்கொள்ளும். முறுகிய இரும்பின் காந்தத் தன்மை லேசாக மாறும். பக்கத்தில் உள்ள கம்பிச்சுருள் அதைக் கண்டுபிடித்துவிடும். விநாடிக்குப் பல நூறு தடவை இந்த அளவீடு நடக்கிறது. பெடல் சுற்றும் வேகம், சக்கரத்தின் வேகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து மோட்டாரின் பங்கு முடிவாகிறது. காலின் விசையை அளந்து உதவும் இந்த யோசனையை 1993-இல் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் வைத்த சைக்கிளோ அதைவிட ரொம்பப் பழசு. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஒரு சின்னக் காட்சி. ஏற்றத்தின் நடுவே ஒரு பாறைப்படி. பெடல் ஒன்று உச்சியிலும் மற்றது அடியிலும் நிற்கும் கணத்தில் காலால் விசை தர முடியாது. சாதாரண வண்டி அங்கேதான் நின்றுபோகும். மின்சார வண்டியில் கால் ஓய்ந்த பிறகும் மோட்டார் கண் இமைக்கும் நேரம் தள்ளுமாறு அமைத்திருப்பார்கள். அந்தத் தள்ளலில் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் பயந்துபோய் ஓங்கி மிதித்தால் முன்சக்கரம் மேலே கிளம்பும், இல்லாவிட்டால் பின்சக்கரம் சறுக்கும். இருக்கையின் முனைக்கு நகர்ந்து, உடலை முன்னால் சாய்த்து, நிதானமாக மிதிக்க வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதும் கூடாது. மோட்டாரின் விசையும் அதே செயின் வழியாகத்தான் போகிறது, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எடை விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏறும்போது ஓட்டுபவரையும் சேர்த்தால் கூடுதல் எடை பத்து சதவீதம்தான். ஆனால் குறுக்கே கிடக்கும் மரத்துண்டைத் தாண்ட வண்டியை மட்டும் எகிறவைக்கும்போது, 14 கிலோவுக்குப் பதில் 23 கிலோவைத் தூக்க வேண்டும். இறக்கத்தில் சாதாரண வண்டி விளையாட்டுக்காரன் மாதிரி துள்ளும். கனமான வண்டி தரையோடு ஒட்டி அமைதியாக இறங்கும், வளைவில் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். சமதளத்தில் கதை வேறு. ஐரோப்பாவில் வேகம் மணிக்கு 25 கி.மீ. தாண்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும் என்பது விதி. அதற்குமேல் இலகுவான வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே முந்திப் போவார்.

இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பெடலருகே மோட்டார் உள்ள வண்டிகளில் ஆகாது. இறங்கும்போது சக்கரம் மட்டும் சுழலும்படி நடுவில் ஃப்ரீவீல் இருக்கிறது, அதனால் மோட்டார் சும்மாதான் இருக்கும்.

500 வாட்-மணி பேட்டரி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 500 வாட் தரக்கூடிய பேட்டரி, எவ்வளவு ஏறும்? நாம் பார்த்த அதே சரிவில், அதே பங்கீட்டில், மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் கழித்தால், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். நடுவழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அதே 150 வாட் காலால், சாதாரண வண்டியில் 5 கி.மீ. வேகம் என்றால் இதில் நாலரை.