ஸ்கேனரில் வந்துவிட்டது, சென்சாரை மாற்றுங்கள் என்று வராதீர்கள்

போன வாரம் ஒரு கார் வந்தது. செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் டாங்கிளை (கார் கம்ப்யூட்டரைப் படித்து மொபைலில் காட்டும் சின்ன ஸ்கேனர்) செருகியதில் பி0171 என்ற கோளாறு கோடைக் காட்டியதாம். உடனே கார்க்காரர், புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார். லைட் திரும்ப வந்ததும் இன்னொரு கம்பெனி சென்சார். கடைசியில் பார்த்தால், காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மாதம் தவறாமல் இப்படி ஒரு வண்டி வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கோட் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், தன் வரம்பு வரைக்கும் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தும் சரியாகவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழையலாம். காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். ஃப்யூவல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், சைலன்சர் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருக்கலாம். பெரும்பாலும் அந்த ஆக்ஸிஜன் சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் கோடே வந்தது. தீப்பிடித்தது என்று கத்தியவனையே பிடித்து அடித்தால் எப்படி? பி0420 என்ற கோடுக்கும் இதே கதைதான். அங்கே பலியாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், விலை இன்னும் அதிகம்.

டாங்கிள் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். கோட் படிப்பதை விட லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போதே சென்சார்கள் காட்டும் அளவுகளைப் பார்ப்பதுதான் அதன் முக்கியமான வேலை. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலிங்கில் ப்ளஸ் 20 சதவீதத்தைத் தாண்டி நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள். சந்தையில் கிடைக்கும் மலிவான டாங்கிள்கள் பெரும்பாலும் இஎல்எம்327 சிப்பின் நகல்கள். அவற்றில் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே தராது. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் அதில் எதிர்பார்க்காதீர்கள். கார் கம்ப்யூட்டர் தன் கோளாறைச் சொல்லும் பொது முறையான ஓபிடி 2, பிஎஸ்4 (மாசுக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்குக் கட்டாயமானதே 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் டாங்கிள் பேசும் என்று உத்தரவாதம் இல்லை.

உண்மையில் முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டர். ஓடாமல் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமே இல்லாத கோடெல்லாம் வரிசையாக வரும். அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் வயர். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே மீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் கோளாறு. மீட்டரில் வயரின் இரு முனையையும் தொட்டால் பீப் சத்தம் வந்தது, வயர் நன்றாக இருக்கிறது என்று தொழில் தெரிந்த தம்பிகளே சொல்கிறார்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும், லோடு கொடுத்து கரண்ட் இழுக்க வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

வாடிக்கையாளர்களிடம் ஒரு மனக்குறையும் உண்டு. தேவையில்லாத சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், ஒரு மணி நேரம் சோதித்துப் பார்க்கக் கூலி கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அப்புறம் எந்த மெக்கானிக் சோதிப்பார்? குத்துமதிப்பாக மாற்றத்தான் செய்வார்.

தயவுசெய்து, கோடை அழிக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். அழித்தால், கோளாறு வந்த நொடியின் வேகம், சூடு, லோடு எல்லாம் சேர்ந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், பிறகு நாங்கள் இருட்டில் தேட வேண்டியதுதான். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் டாங்கிளைப் பிடுங்கிவிடுங்கள், சாவி எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கும், பேட்டரி இறங்கும். வயர் தோலில் ஊசி குத்திச் சோதிக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியே ஈரம் போய் உள்ளே செம்பு பச்சை பிடிக்கும். ஸ்டியரிங் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் மீட்டரை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். அது ஏர்பேக் லைன், வெடித்துவிடலாம்.