உழைக்கும் தாயின் பிள்ளைக்கும் தாபரிப்புப் பணம் உண்டு

இலங்கையின் மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்று, பட்டம் முடித்து, அங்கேயே விரிவுரையாளர் பணியைத் தொடங்கும் பெண்களில் பிள்ளையைத் தனியே வளர்ப்பவர்களும் இருக்கின்றனர். அவர்களிடம், பராமரிப்புச் செலவுக்குப் பணம் கோரும் தாபரிப்பு வழக்கைப் பற்றிப் பேசினால், "நான்தான் சம்பளம் எடுக்கிறேனே, எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் இரண்டு வேறு உரிமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வாழ்க்கைத்துணைக்குரிய தாபரிப்பையும் பிள்ளைக்குரிய தாபரிப்பையும் தனித்தனியே வைத்திருக்கிறது. தன்னைத் தானே பராமரிக்க இயலாத வாழ்க்கைத்துணைக்கே முதலாவது கிடைக்கும் என்பதால், சம்பளம் பெறும் விரிவுரையாளர் தமக்காக அதைக் கோருவது கடினமே. ஆனால் பிள்ளைக்குரிய தாபரிப்போ பிள்ளையின் உரிமை. தாய்க்கு வேலை இருக்கிறது என்பதற்காகத் தந்தையின் கடமை அற்றுப்போவதில்லை. போதிய வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்க மறுக்கும் தந்தை மாதாமாதம் பணம் செலுத்த வேண்டுமென நீதவான் கட்டளையிடலாம். பெற்றோர் இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலையையும் பார்த்தே தொகை தீர்மானிக்கப்படுகிறது.

ஆகவே வழக்கின் பலம் செலவுக் கணக்கிலேயே தங்கியிருக்கிறது. ஹட்டனிலிருந்து அதிகாலை பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போய்வரும் ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளரை எடுத்துக்கொள்வோம். பால்மா, பாலர் பாடசாலைக் கட்டணம், மருந்து ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை அவர் எடுத்து வைத்திருப்பார். மாலை இருட்டும்வரை பிள்ளையை வைத்திருக்கும் பக்கத்து லயன் (தோட்டத் தொடர்வீடு) அக்காவுக்கு மாதம் கொடுக்கும் காசை மட்டும் எழுதியிருக்கமாட்டார். உண்மையில் தாய் வேலைக்குப் போவதற்காகவே ஏற்படும் செலவு அதுதான். ஒரு சாதாரணக் கொப்பியில் திகதியிட்டு எழுதி, காசு வாங்கியவரிடம் கையொப்பம் பெற்று வைப்பது பயன்தரும். அத்துடன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாயின் சம்பளப் பட்டியல், தந்தையின் தொழில் பற்றித் தெரிந்த விவரங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தந்தை கொழும்பில் இருக்கிறார் என்பதற்காகக் கொழும்புக்குப் போய் வழக்குத் தொடர வேண்டியதில்லை; தாயும் பிள்ளையும் வசிக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆனால் அங்கு வருமானம் பார்க்கப்படும் என்பதால் விரிவுரையாளர் எல்லோருக்கும் அது கிடைக்கும் என எண்ணிவிடக் கூடாது. முஸ்லிம் திருமணங்களுக்குரிய தாபரிப்பைக் காதி நீதிமன்றம் கவனிக்கிறது.

பெற்றோர் திருமணம் செய்யாதிருந்தாலும் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. அவ்வாறான வழக்கில், இவர்தான் தந்தை என்பதை நீதவான் ஏற்கும்படி வலுவான சான்றுடன் நிறுவ வேண்டும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கட்டளை கிடைத்த பின்னும் பணம் வராவிட்டால், தந்தையின் சம்பளத்திலிருந்து தொழில்தருநரே கழித்து அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். நிலுவைக்காகச் சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு. இதற்கு எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பது தெளிவாகத் தெரிய வேண்டுமாதலால், பணத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் வரச்செய்வதே நல்லது.

நிலைமை மாறினால் தொகையையும் மாற்றக் கேட்கலாம். தாய்க்கு நிரந்தர நியமனம் கிடைத்ததும் தந்தை குறைக்கக் கேட்கக்கூடும். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனதும் தாய் கூட்டக் கேட்கலாம். 18 வயதைக் கடந்தாலும், 25 வயதுக்குட்பட்ட, தன்னைப் பராமரிக்க இயலாத பிள்ளைக்காகவும் சட்டத்தில் இடமிருப்பதால், அப்பிள்ளை பின்னர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் காலத்திலும் இதே நீதிமன்றத்தை நாடலாம்.