பெயர்ச்சீட்டு மாறிய புட்டி

1940களின் இறுதியில் லண்டனின் மில் ஹில் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுக்களைப் பழச்சர்க்கரைக் கரைசலில் இட்டு உறைய வைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. சில மாதங்கள் கழித்து, குளிரறையில் கிடந்த பழைய புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது, உருக்கிய விந்தணுக்கள் நீந்தின! புதிதாகத் தயாரித்த கரைசலோ மீண்டும் கைவிட்டது. புட்டியில் மிஞ்சியதைச் சோதித்தால் அதில் சர்க்கரையே இல்லை. கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவமும் முட்டை வெண்கருப் புரதமும் இருந்தன. எங்கோ பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது. 1949இல் இந்த முடிவு நேச்சர் இதழில் வெளிவந்தது. 1953இல் அமெரிக்காவின் அயோவாவில், உறைய வைத்த மனித விந்தணுவால் பெண்கள் கருவுற்றார்கள்.

கிளிசரால் என்ன செய்கிறது? திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் விந்தணுவுக்கு ஏறக்குறைய எதுவுமே நடப்பதில்லை. அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். ஆபத்தெல்லாம் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும்தான். குளிரும்போது வெளியே உள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. உறையாமல் மிஞ்சும் நீரில் உப்பு செறிகிறது. ஊறுகாய் மாங்காயிலிருந்து நீரை உப்பு இழுப்பதுபோல அது விந்தணுவின் நீரை இழுத்துச் சுருக்கிவிடும். மிக வேகமாகக் குளிர்வித்தாலோ நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே படிகமாகிச் சவ்வைக் கிழிக்கும். கிளிசரால் நீரோடு பிணைந்து, பனிக்கட்டி உருவாவதைக் குறைத்து, உப்பின் செறிவையும் தணிக்கிறது. விந்தணுவுக்குள் நீர் மிகக் குறைவு என்பதும் ஒரு நல்வாய்ப்பு. நீர் நிறைந்த கருமுட்டையை உறைய வைப்பது இதைவிடக் கடினமாக இருந்தது.

ஆனாலும் சேதம் உண்டு. உருக்கிய பின், நீந்திக்கொண்டிருந்தவற்றில் பாதியளவு அசைவிழந்துவிடுவது சாதாரணம். வாலை இயக்க ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் குளிரில் பழுதாகின்றன. அங்கிருந்து கசியும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சவ்வின் கொழுப்பை அரிக்கின்றன. ஏற்கெனவே எண்ணிக்கையும் அசைவும் குறைந்த மாதிரிகளே அதிகம் அடிபடுகின்றன என்பதுதான் வேதனை. சேமிப்பு பெரிதும் தேவைப்படுவதும் அத்தகையவர்களுக்கே. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமிக்கும் இளைஞர்கள் பலரின் நிலையும் இதுதான்.

1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்த இக்சி முறை இந்தக் கணக்கை மாற்றியது. ஒரேயொரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தினால் போதும்; அது நீந்திப் போக வேண்டியதில்லை. ஆனால் உறைதலால் டிஎன்ஏ இழைகளும் முறியக்கூடும். சிறு முறிவுகளைக் கருமுட்டையே செப்பனிட்டுக்கொள்ளும். பெரியவற்றை அதனால் சரிசெய்ய முடியாமல் போகலாம். நுண்ணோக்கியில் அழகாக நீந்தும் விந்தணுவுக்குள் அப்படியொரு முறிவு இருந்தால், அதைத் தேர்ந்தெடுப்பவரின் கண்ணுக்குத் தெரியாது.