நிறுத்தினால் நடுங்கும் எஞ்சினும் ஒலிவேகத்தில் ஓடும் காற்றும்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1990களில் வந்த ஜப்பான் கார், 1500 சிசி பெற்றோல் எஞ்சின். புகை அடிக்கிறது என்று எஞ்சினை இறக்கி, ரிங் மாற்றி, லேத்தில் கொடுத்து ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) சீவி, வால்வு அரைத்துப் பூட்டியிருக்கிறார்கள். புகை நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு புதுத் தொல்லை. கல்முனை வீதியில் அறுபதில் போகும்போது அருமையாக இழுக்கிறது. சந்தியில் நிறுத்தினால் முழுக் காரும் நடுங்குகிறது. எஞ்சினின் சுற்று நிமிடத்துக்கு 500க்கு இறங்குகிறது, ஏசியைப் போட்டால் எஞ்சின் நின்றே விடுகிறது. "ஓடும்போது சுகமாக இருக்கிற எஞ்சினுக்கு, சும்மா நிற்கும்போது மட்டும் என்ன வருத்தம்?" என்று கேட்கிறார்.

இப்போது இலங்கையின் கிழக்கில் இது பலருக்கும் உள்ள கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் இருந்த ஐந்து வருடமும் பழைய எஞ்சின்களைச் செய்து செய்தே ஓட்டினோம். அதனால் இந்த நடுக்கத்தின் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

உறிஞ்சல், அமுக்கல், வெடிப்பு, வெளியேற்றல் என்ற நான்கு அடிப்பு எஞ்சினைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது ஒரு செக்கனுக்கு 25 வெடிப்புகள் நடக்கின்றன. அந்தச் சக்தி எதையும் இழுக்கப் போவதில்லை. தன் உராய்வைத் தாங்கவும், ஒயில் பம்ப், ஓல்டனேட்டர், ஏசி கொம்பிரசரைச் சுற்றவும் மட்டுமே அது செலவாகிறது. புதிதாகச் செய்த எஞ்சினில் ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு இன்னும் பழகாததால் உராய்வு கூட. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஐட்லிங், அதாவது சும்மா நிற்கும்போதுள்ள ஓட்டம், ஒரு துளி கனமாக இருப்பது இயல்புதான். ஆனால் 500க்கு விழுந்து நடுங்குவதை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும், காற்று உள்ளே வரும் பாதையின் கதவான துரொட்டில் தட்டு கிட்டத்தட்ட முழுக்க மூடிக்கொள்கிறது. அதன் விளிம்பில் ஒரு மெல்லிய இடுக்கும், பக்கத்தில் ஐட்லிங் வால்வு வழியாக ஒரு சிறு பாதையும் மட்டுமே திறந்திருக்கும். நான்கு பிஸ்டன்களும் உள்ளே இருந்து இழுத்துக்கொண்டே இருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெனிபோல்டுக்குள் பலமான வெற்றிடம் உண்டாகிறது. மட்டக்களப்பு கடல் மட்டத்து ஊர். வெளியே வளியமுக்கம் சுமார் 30 அங்குல இரசம் (பாதரசம்). நல்ல எஞ்சினின் மெனிபோல்டில் அதைவிட 18, 20 அங்குலம் குறைவாக இருக்கும். அதாவது உள்ளே மிஞ்சுவது வெளியமுக்கத்தின் ஐந்தில் இரண்டு பங்கோ அதற்கும் கீழோதான்.

இந்த விகிதத்தில் ஒரு அதிசயம் ஒளிந்திருக்கிறது. ஒரு துளையின் அந்தப் பக்கத்து அமுக்கத்தைக் குறைக்கக் குறைக்க, அதன் வழியாகப் பாயும் காற்றும் கூடிக்கொண்டே போகும். இது நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் உள்ளமுக்கம் வெளியமுக்கத்தின் 0.53 பங்குக்குக் கீழே இறங்கியதும் அந்தக் கூடுதல் நின்றுவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி காற்றும் அதிகம் வராது. பிரான்சில் சான் வெனான், வான்ட்செல் என்ற இருவர் 1839இலேயே வாயு துளை வழியாகப் பாயும் கணக்கைப் போட்டார்கள். அது ஏன் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்பதை 1880களில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் தெளிவாக்கினார். அந்த எல்லையில், துளையின் மிக ஒடுங்கிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது.

ஒலிவேகத்தை எட்டினால் ஏன் நிற்கவேண்டும்? "இங்கே அமுக்கம் குறைந்துவிட்டது, இன்னும் வா" என்ற செய்தி உள்ளே இருந்து வெளியே போகவேண்டும். காற்றில் அமுக்கச் செய்தி பயணிப்பது ஒலியலையாகத்தான், ஒலியின் வேகத்தில்தான். மாரி காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் வாவித் தண்ணீர் கடலுக்குப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் இருந்து வாவிக்குள் ஏற நினைக்கும் மீனின் நீச்சல் வேகமும் நீரோட்டத்தின் வேகமும் ஒன்றானால், மீன் எவ்வளவு நீந்தினாலும் வாயைத் தாண்டாது. துரொட்டில் இடுக்கிலும் அதுவே நடக்கிறது. காற்று ஒலிவேகத்தில் உள்ளே வர, செய்தி அதே வேகத்தில் வெளியே போக முயல்கிறது. செய்தி போய்ச் சேரவே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளிக்காற்றுக்குத் தெரியாது.

சந்தியில் சும்மா நிற்கிற ஒரு பழைய காருக்குள், மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று பாய்ந்துகொண்டிருக்கிறது! அப்படி விரிந்து பாயும்போது காற்று குளிர்ந்தும் விடுகிறது. வெளியே 30 பாகை செல்சியஸ் வெயில் என்றால், கணக்குப்படி அந்த இடுக்கின் நடுவில் காற்றின் வெப்பநிலை சைபருக்குக் கீழே 20 பாகை. இதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் நன்மைதான் இன்னும் அழகு. ஐட்லிங்கில் செக்கனுக்கு எவ்வளவு காற்று வரும் என்பதைத் துளையின் பரப்பளவு மட்டுமே தீர்மானிக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் வரவு ஒன்றுதான். சுற்று கொஞ்சம் விழுந்தால் அதே காற்றைக் குறைந்த தடவைகளில் பங்கிடவேண்டியிருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வாய் கூடக் கிடைக்கும், வெடிப்பு பலக்கும், சுற்று தானாக ஏறும். சுற்று கூடினால் பங்கு குறைந்து தானாக இறங்கும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்துக் காபரேட்டர் கார்களும் நிலையாக நின்றதில் இந்த இயற்கைக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வெற்றிடம் 14 அங்குலத்துக்குக் கீழே போனால் ஒலிவேக நிலை கலைந்து, இந்தக் கட்டுப்பாடும் தளர்ந்துவிடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். எஞ்சின் செய்து பூட்டும்போது மெனிபோல்ட் கஸ்கட் ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது மெனிபோல்டில் மாட்டும் ஒரு வெக்கியூம் ஹோஸ் (வெற்றிடக் குழாய்) கழன்று கிடக்கிறது என்று வையுங்கள். 3 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று போதும். அந்தத் துளையிலும் காற்று ஒலிவேகத்தில்தான் புகும். செக்கனுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். 1500 சிசி எஞ்சின் ஐட்லிங்கில் கேட்பதே செக்கனுக்கு இரண்டு மூன்று கிராம்தான். அப்படியென்றால் அரைவாசிக்குக் கிட்டிய காற்றுக் களவாக நுழைகிறது. அதே கார் வீதியில் இழுத்துப் போகும்போது செக்கனுக்கு இருபது கிராமுக்கு மேல் குடிக்கும். துளையின் வரவோ அதே ஒரு கிராமோடு நிற்கும், அதைவிடக் குறையவும் கூடும். இருபதில் ஒன்று யாருக்கும் தெரியாது, அரைவாசிக்குக் கிட்டியது காரையே உலுக்கும். ஓடும்போது சுகம், நிற்கும்போது வருத்தம் என்று வாசகர் சொன்னதன் காரணம் இதுதான்.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. களவுக்காற்று எல்லாக் காரிலும் ஒரே குணத்தைக் காட்டாது. அந்தக் காலத்து நிசான்கள் பலவற்றில் உள்ளே போகும் காற்றை வாசலிலேயே அளக்கும் சென்சர் இருக்கும். இடையில் புகுந்த காற்று அதற்குத் தெரியாது, அதனால் பெற்றோல் போதாமல் சுற்று விழுந்து நடுங்கும். டொயோட்டாவின் சிறிய எஞ்சின்கள் பலவற்றிலோ மெனிபோல்ட் அமுக்கத்தை வைத்துத்தான் பெற்றோல் கணக்குப் போடப்படும். அங்கே களவுக்காற்றுக்கும் சேர்த்தே பெற்றோல் ஊற்றுவதால் சுற்று பெரும்பாலும் ஏறும், அல்லது ஏறி ஏறி இறங்கும். அமுக்க சென்சர் உள்ள காரில் சுற்று விழுகிறதென்றால் என் சந்தேகம் முதலில் டைமிங் பெல்ட் மீதுதான் போகும்.

கிராங்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேமுக்குக் கொண்டுபோவது இந்தப் பெல்ட்தான். அது ஒரு பல் பிந்திப் பூட்டப்பட்டால் கேம் சுமார் 15 முதல் 18 கிராங்க் பாகை பிந்திவிடும். உள்வால்வு நேரத்துக்கு மூடாது. மேலே ஏறும் பிஸ்டன், எடுத்த காற்றில் ஒரு பங்கை மெனிபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடும். வேகமாக ஓடும்போது உள்ளே விரையும் காற்றின் உந்தம் இந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பதால் குறை மறைந்துவிடும். ஐட்லிங்கில் அந்த உந்தம் இல்லை. ஹெட் சீவியதால் கேமுக்கும் கிராங்குக்கும் இடைத்தூரம் ஒரு மயிரளவு குறைந்து கேம் இன்னும் கொஞ்சம் பிந்தும் என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றைப் பிரித்தறிய, வெற்றிடத்தை அளக்கும் ஒரு வெக்கியூம் கேஜ் போதும். துரொட்டிலுக்குக் கீழே மெனிபோல்டில் உள்ள ஏதாவது ஒரு ஹோஸ் முனையில் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் பாருங்கள். ஊசி 17 அங்குலத்துக்கும் 21க்கும் இடையில் அசையாமல் நின்றால் வயிறு சுத்தம். 15 அளவில் அசையாமல் நின்றால் பற்றவைப்பு நேரம் பிந்தியிருக்கக்கூடும். அதற்கும் கீழே அசையாமல் கிடந்தால் களவுக்காற்று அல்லது பெல்ட். சீரான தாளத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துள்ளி விழுந்தால் ஒரு வால்வு ஒழுங்காக மூடவில்லை. வால்வு இடைவெளியை இறுக்கி வைத்துவிட்டார்களோ என்று பார்க்கவேண்டும், சூட்டில் வால்வு நீளும்போது அது மூடாமல் நிற்கும். நுவரெலியாவுக்குக் காரைக் கொண்டுபோனால் இதே நல்ல எஞ்சின் ஆறு அங்குலம் குறைவாகக் காட்டும். அது உயரத்தின் வேலை, எஞ்சினைப் பிழை சொல்ல முடியாது.

களவுக்காற்றா பெல்ட்டா என்ற கடைசிச் சந்தேகத்தை, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கும் கொம்பிரசன் சோதனை தீர்க்கும். மெனிபோல்டில் ஓட்டை இருந்தாலும் கொம்பிரசன் குறையாது. பெல்ட் பிந்தியிருந்தால் நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரிக் குறையும். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது ரிங். ஓட்டை எங்கே என்று தேட, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கஸ்கட் ஓரமாக நகர்த்துங்கள். ஒலிவேகத்தில் புகும் காற்று சீறும், அந்தச் சீறல் துளை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸை விட்டுவிடாதீர்கள். பெற்றோலோ காபரேட்டர் கிளீனரோ அடித்துப் பார்க்கும் பழக்கம் கராச்களில் உண்டு. சூடான எக்ஸோஸ்ட் பக்கத்தில் அது தீயை அழைப்பதற்குச் சமம். சவர்க்காரத் தண்ணீரே போதும்.

வாசகரின் வீட்டில் பெரியவர்கள் கண்ணூறு என்கிறார்களாம், எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் ஆயிற்றாம். மாமாங்கேஸ்வரர் கோயிலில் வாகனத்துக்குப் பூசை வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அது மனத்துக்குத் தரும் ஆறுதல் உண்மையானது. கண்ணூறு என்ற பதில் தேடலை நிறுத்திவிடுகிறதே, அதுதான் என் கவலை. அளக்காமல் சென்சர், பம்ப், ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதும் என் கண்ணில் அதே வகைதான், செலவு மட்டும் பல மடங்கு. எங்கள் கராச்களில் கைத்திறனுக்குக் குறைவே இல்லை. அளக்கும் பழக்கத்துக்குத்தான் யாரும் காசு ஒதுக்குவதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே ஒரு எஞ்சின் சோதனை மேசையை அம்பாறை, மட்டக்களப்பு மெக்கானிக்மாருக்கும் திறந்துவிட்டு, செய்த எஞ்சின்களின் அளவுகளைப் பதிந்து வைத்தால், எங்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் எது முதலில் பழுதாகிறது என்று எங்களுக்கே தெரியவரும். ஆராய்ச்சிப் பணம் போகவேண்டிய இடம் அது.

இனி வாசகருக்கு. முதலில் பிளக் வயர்கள் எஞ்சினுக்குரிய வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனேகமாக அது 1-3-4-2. பிறகு ஐட்லிங்கில் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் வயர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது நடுக்கம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. நான்கும் ஒரே மாதிரி விழுந்தால் குற்றம் எல்லோருக்கும் பொதுவானது, கேஜை மாட்டுங்கள். ஐட்லிங் வால்வின் பாதையில் கரியோ சிலிக்கன் பசையோ அடைத்திருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள், ஏசி போட்டதும் நிற்பதற்கு அது நல்ல காரணம். இவை முடியும்வரை துரொட்டில் தட்டின் நிறுத்து திருகாணியை யாரும் தொடவிடாதீர்கள். அதைத் திருகினால் சுற்று ஏறும், நடுக்கமும் குறைந்தது போலத் தெரியும். ஆனால் தட்டு மூடியிருக்கிறது என்று ஈசியூவுக்குத் தெரியாமல் போய், அது ஐட்லிங்கைக் கவனிப்பதையே விட்டுவிடும்.