இரண்டு செல்போன் நிறுவனங்கள் இணைய யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

செல்போன் நிறுவனங்கள் இரண்டு இணையப்போவதாக அறிவிப்பு வந்தால், மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டதுபோலப் பேச்சு கிளம்பிவிடும். அன்றைக்கு முடிந்திருப்பது இரு தரப்பு இயக்குநர் குழுக்களின் தீர்மானம் மட்டுமே. வோடபோன் இந்தியாவும் ஐடியா செல்லுலாரும் இணைவை அறிவித்தது 2017 மார்ச் 20. அது நடைமுறைக்கு வந்தது 2018 ஆகஸ்ட் 31. இடையில் பதினேழு மாதங்கள் ஓடின. இந்தியாவில் இந்த அனுமதி எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். இணைவுக்கு அனுமதி தருவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அல்ல. விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதும், கட்டணத்தையும் சேவைத் தரத்தையும் கண்காணிப்பதும்தான் அதன் வேலை. அனுமதி தருபவை இந்தியப் போட்டி ஆணையம், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஆகிய மூன்றும். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் பங்குச் சந்தைகளிடமும், அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடமும் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும்.

போட்டி ஆணையம்

பெரிய பெயர், ஆனால் பெரும்பாலும் இங்கே வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே தொழிலில் இருக்கும் இரு நிறுவனங்களின் கூட்டுச் சந்தைப் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால், விரிவான இரண்டாம் படிவத்தில் விண்ணப்பிப்பது வழக்கம். செல்போன் நிறுவனங்கள் அநேகமாக எப்போதும் இந்த வகையில்தான் வரும். 2024 செப்டம்பர் 10 முதல் இந்தப் படிவத்துக்கான கட்டணம் 90 லட்சம் ரூபாய். முதற்கட்டக் கருத்தை ஆணையம் 30 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். முழு விசாரணைக்கும் உச்ச வரம்பு 150 நாள். அதற்கு முன் இந்த வரம்பு 210 நாளாக இருந்தது. அனுமதி வருவதற்குள் இணைவை நடைமுறைப்படுத்திவிட்டால் அபராதம் உண்டு.

வோடபோன் - ஐடியா விண்ணப்பத்துக்கு 2017 ஜூலை 24 அன்று போட்டி ஆணையம் சம்மதித்துவிட்டது. இணைந்த பிறகு சந்தையில் வலுவான போட்டியாளர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் இங்கே அடிப்படைக் கேள்வி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணங்களைத் தலைகீழாக்கியிருந்த நேரம் அது. போட்டி குறைந்துவிடும் என்று அப்போது வாதாடுவது கஷ்டம்தான்.

தீர்ப்பாயம்

இணைவுத் திட்டம் நிறுவனச் சட்டம் 2013-ன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்கீழ் தாக்கலாகிறது. இரு நிறுவனங்களின் பதிவு அலுவலகங்களும் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தால் இரண்டு அமர்வுகளுக்குப் போக வேண்டும். ஐடியாவின் பதிவு அலுவலகம் காந்திநகரில் இருந்ததால் அகமதாபாத் அமர்வு, வோடபோனுக்கு மும்பை அமர்வு. இரண்டும் 2018 ஜனவரியில் இசைவு தந்தன.

தீர்ப்பாயம் கூட்டும் கூட்டத்தில் பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் வாக்களிப்பார்கள். வாக்களித்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மை, மதிப்புக் கணக்கில் நான்கில் மூன்று பங்கு, இரண்டும் சேர்ந்து வர வேண்டும். வருமான வரித் துறை, ரிசர்வ் வங்கி, செபி, போட்டி ஆணையம், துறை சார்ந்த ஒழுங்குமுறை அமைப்புகள் என எல்லாருக்கும் அறிவிப்பு போகும். அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் சொல்லவில்லை என்றால் சொல்ல ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். கையில் நூறு பங்கு வைத்திருப்பவர் வாக்களிக்கலாம். திட்டத்துக்கு ஆட்சேபம் எழுப்ப முடியாது. அதற்குப் பங்கு மூலதனத்தில் குறைந்தது 10 சதவீதமோ, மொத்தக் கடன் நிலுவையில் 5 சதவீதமோ இருக்க வேண்டும்.

தொலைத்தொடர்புத் துறை: கோப்பு நிற்குமிடம்

ஜனவரியில் தீர்ப்பாயம் இசைந்த பிறகும் வோடபோன் - ஐடியா இணைவு ஆகஸ்ட் வரை இழுத்ததற்குக் காரணம் இந்தத் துறைதான். உரிமத்தையும் அலைக்கற்றையையும் கொடுத்தது அரசு. அவற்றை இன்னொரு பெயருக்கு மாற்றித் தருவதும் அரசின் கையில். இதற்கான விதிமுறைகள் 2014 பிப்ரவரி 20 அன்று வெளியாயின.

அந்த விதிகள் நாட்டை மொத்தமாகப் பார்ப்பதில்லை, 22 வட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. தமிழ்நாடு, சென்னை, புதுச்சேரி சேர்ந்து ஒரு வட்டம். ஒரு வட்டத்தில் இணைந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால், அனுமதி கிடைத்த ஓராண்டுக்குள் அதைக் குறைத்தாக வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள், சரிக்கட்டிய மொத்த வருவாயையும் (ஏ.ஜி.ஆர்.) பார்ப்பார்கள். கேரளம், மகாராஷ்டிரம், குஜராத் போன்ற வட்டங்களில் வோடபோன் - ஐடியா இந்த வரம்பைத் தாண்டும் என்று அறிவிப்பு வந்தபோதே கணக்குப் போட்டார்கள்.

அலைக்கற்றைக்கும் வரம்பு உண்டு. ஒரு வட்டத்தில் ஒதுக்கப்பட்ட மொத்த அலைக்கற்றையில் 25 சதவீதம், ஒரே அலைவரிசைப் பட்டையில் 50 சதவீதம் என்று 2014 விதி சொன்னது. 2018 மார்ச்சில் மொத்த வரம்பு 35 சதவீதமாக உயர்ந்தது. பட்டை வாரியான வரம்பு போய், 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் மூன்றும் சேர்ந்து 50 சதவீதம் என்றானது. அந்த நேரத்தில் இணைவுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய தளர்வு. வரம்பை மீறும் அலைக்கற்றையை ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பணம் திரும்ப வராது.

இதெல்லாம் காகிதத்தில் தீர்த்துவிடக்கூடியவை. உண்மையான இழுபறி பாக்கியில்தான். வீட்டுப் பத்திரத்தைப் பெயர் மாற்றும் முன் வரி பாக்கியைக் கட்டச் சொல்வதுபோல, அனுமதி தருமுன் இரு நிறுவனங்களின் எல்லா நிலுவைகளையும் தீர்க்கச் சொல்கிறது துறை. நீதிமன்றம் தடை விதித்திருக்கும் தொகைக்கும் ஈடான வங்கி உத்தரவாதம் கேட்கிறது. சண்டை தொடங்குவது இங்கேதான்.

2018 ஜூலை 9 அன்று நிபந்தனையுடன் அனுமதி தந்த துறை, வோடபோன் - ஐடியாவிடம் சுமார் 7,269 கோடி ரூபாய் கேட்டது. இதில் சுமார் 3,926 கோடி ரொக்கம், சுமார் 3,342 கோடி வங்கி உத்தரவாதம். ரொக்கம் எதற்கு என்பதைச் சற்று விளக்க வேண்டும். பழைய உரிமங்களோடு 4.4 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே கிடைத்தது. யாரும் அதை ஏலத்தில் எடுக்கவில்லை. உரிமம் கைமாறும்போது அந்த அலைக்கற்றைக்கு ஏல விலைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் கட்ட வேண்டும். கணக்கு புரிவதற்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம்: ஒரு வட்டத்தில் 20 ஆண்டுக்கு ஏல விலை 400 கோடி, கட்டியிருந்த நுழைவுக் கட்டணம் 100 கோடி, உரிமத்தில் மிச்சம் 6 ஆண்டு என்றால், 300 கோடியில் இருபதில் ஆறு பங்கு, அதாவது 90 கோடி. மற்றொன்றைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் அலைக்கற்றைக்கு இது கிடையாது, கைமாறி வரும் அலைக்கற்றைக்கு மட்டுமே கட்ட வேண்டும். அதனால்தான் எந்த நிறுவனம் எதற்குள் இணைகிறது என்பதை முதல் நாளிலேயே கணக்குப் பார்த்து முடிவுசெய்கிறார்கள்.

வங்கி உத்தரவாதம், ஒருமுறை அலைக்கற்றைக் கட்டணம் தொடர்பானது. 4.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்திருந்த கூடுதல் அலைக்கற்றைக்குத் துறை விதித்த கட்டணம் இது, நீதிமன்றத்தில் வழக்காக இருந்தது. இரு நிறுவனங்களும் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டே கேட்ட தொகையைக் கட்டின. 2018 ஜூலை 26 அன்று இறுதி அனுமதி வந்தது. டெலினார் இந்தியாவை இணைத்த ஏர்டெல் வேறு வழியில் போனது. உத்தரவாதக் கோரிக்கைக்குத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமான டிடிசாட்டில் தடை வாங்கியது. துறையின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்காத பிறகு, 2018 மே மாதம் அனுமதி வந்தது. கட்டிவிட்டு வழக்காடுவதா, வழக்காடிவிட்டுப் போவதா என்பது அவசரத்தைப் பொறுத்தது. சந்தாதாரர்கள் மாதந்தோறும் நழுவிக்கொண்டிருக்கும்போது காத்திருப்பதுதான் அதிகச் செலவு.

அனுமதி கிடைத்துவிட்டால் பழைய பாக்கி போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபர் 24 அன்று, எந்தெந்த வருவாய்க்கு அரசுக்குக் கட்டணம் தர வேண்டும் என்ற ஏ.ஜி.ஆர். வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, வோடபோனின் பழைய சுமையும் ஐடியாவின் பழைய சுமையும் இணைந்த நிறுவனத்தின் தலையில்தான் விழுந்தன. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டி நிலுவை பங்குகளாக மாறியது. 2025-ல் மேலும் 36,950 கோடி அலைக்கற்றை நிலுவையும் அப்படியே மாறி, அரசின் பங்கு ஏறத்தாழ 49 சதவீதமானது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது: இணைவுக்குத் தடையில்லை, ஆனால் உருவாகும் நிறுவனம் பழைய அனுமதியின் நிபந்தனைகளுக்கும் கட்டணங்களுக்கும் கட்டுப்பட வேண்டும்.

நடக்காமல் போனால்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏர்செல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸின் செல்போன் பிரிவோடு இணைய 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. போட்டி ஆணையம் சம்மதித்தது. ஆனால் ஏர்செல்லை மலேசியாவின் மேக்சிஸ் வாங்கியது தொடர்பான ஏர்செல் - மேக்சிஸ் வழக்கில் அலைக்கற்றை கைமாறுவதை நிறுத்திவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் எச்சரித்திருந்தது. கடன் கொடுத்தவர்களும் இழுத்தார்கள். 2017 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தம் முறிந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் ஊர் ஊராக நின்றது, அந்த மாதமே அது திவால் மனு போட்டது. எண்ணை மாற்றிக்கொள்ளக் குறியீடு கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், அதற்கே சிக்னல் இல்லை. வெளியேற 2018 ஏப்ரல் 15 வரை வழிசெய்து தரும்படி டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே அனுமதிகள் தேங்கி நிற்கும் செய்தியோடு சிக்னலும் மோசமாகிறது என்றால், கோபுரம் வேலை செய்யும்போதே மாறிவிடுவது நல்லது.

மாறுவது எப்படி: போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். வரும் எட்டெழுத்துக் குறியீடு நான்கு நாட்களுக்குச் செல்லும் (அசாம், வடகிழக்கு, ஜம்மு காஷ்மீரில் 30 நாள்). அதே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் எண் மாறிவிடும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். இது 2024 ஜூலை 1 முதல் உள்ள விதி. பிரீபெய்ட் இருப்பு உங்களோடு வராது, அதனால் முந்தின நாள் ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்துவிடாதீர்கள்.

இணைவு நடந்து, நீங்கள் அங்கேயே இருந்தால்

எண் மாறாது, இருப்பும் மாறாது. சேர்ந்த திட்டத்தை ஆறு மாதத்துக்குள் உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற கட்டண விதி இணைந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். இணைவைக் காரணம் காட்டி, சிம்மைப் புதுப்பிக்க வேண்டும், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வரும் அழைப்பு மோசடிதான். புது சிம் தேவைப்பட்டால் அடையாள அட்டையோடு கடைக்குப் போய் வாங்குங்கள்.

பழைய நிறுவனத்திடம் போஸ்ட்பெய்டுக்காகக் கட்டிய வைப்புத்தொகையின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பாய உத்தரவின்படி கடன்களும் பொறுப்புகளும் புதிய நிறுவனத்துக்கே போகின்றன. பழைய பெயரில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது செத்துப்போவதில்லை. எதிர்மனுதாரரின் பெயரை மாற்றக் கோரி ஒரு மனு போட்டு, இணைவு உத்தரவின் நகலை இணைத்தால் போதும். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கவே முடியாது என்று நிறுவனத் தரப்பு வாதிட்டால், முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.