ரிப்பேர் செய்து தரவில்லை என்று வாடகையை நிறுத்தாதீர்கள்

"சார், ஹவுஸ் ஓனர் ரிப்பேர் பண்ணித் தரல. அதனால மூணு மாசமா வாடகை கொடுக்கல. இப்போ காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு." இப்படி வருகிறவர்களில் பலர் பக்கம் நியாயம் இருக்கும். சமையலறை மேல்தளம் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரியும் போட்டோவைப் போனில் காட்டுவார்கள். பார்க்கவே பதறும். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி, காலி செய்யக் கேட்பதற்குச் சட்டமே தரும் காரணம். ஜெயிக்க வேண்டிய வழக்கு அங்கேயே கைநழுவுகிறது.

2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் (2017), யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே தந்திருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பது, குழாய் லைன், வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவறை, வாஷ்பேசின் போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறலாம்; முதலில் அதைப் படியுங்கள்.

உரிமையாளர் நியாயமான அவகாசத்துக்குள் செய்யாவிட்டால் நீங்களே செய்துவிட்டு, செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 12,000, செலவு 15,000 என்றால் இரண்டு மாதம் 6,000, மூன்றாவது மாதம் 3,000. மீதி வாடகையைத் தேதி தவறாமல் வங்கி மூலமே அனுப்புங்கள்.

போனில் பத்து முறை சொன்னதை நிரூபிக்க முடியாது. பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டில், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஒரு கடிதம் போடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ, கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் தேதி போட்ட ரசீது வேண்டும். துண்டுச் சீட்டில் வெறும் தொகை மட்டும் எழுதி வாங்கி வருகிறார்கள். அதை வைத்து வாதாடுவது கஷ்டம்.

குடியிருக்கவே முடியாத வீடு, எழுதிக் கேட்டும் உரிமையாளர் மறுக்கிறார் என்றால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். அல்லது வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வெளியேறுகிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், உரிமையாளர் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் தொகையையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.